வீட்டு மின்னஞ்சல் சர்வரும் ஸ்பேம் வடிகட்டியும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்பேம் வடிகட்டியைப் பற்றியவை. அவற்றிலும் பல, 'வரம்பை எத்தனை மதிப்பெண்ணில் வைத்தால் சரியாகும்?' என்ற கேள்வியோடுதான் முடிகின்றன. ஒரு மடல் ஐந்து மதிப்பெண்ணை எட்டினால் அதைக் குப்பை என்று கொள்வது ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டியின் வழக்கம். அந்த ஐந்தை மனத்தில் வைத்துத்தான் அதன் விதி ஒவ்வொன்றுக்கும் எடை கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வரம்பைத் திருகுவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கடிதங்களில் ஒன்றில்கூட வரம்பு குற்றவாளியாக இல்லை.

கேள்வி: பழைய மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ் நிறுவி, மடல்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட், ஸ்பேம்அசாசின் மூன்றையும் நடத்திவருகிறேன். நிலையான ஐ.பி. முகவரியும் வாங்கியிருக்கிறேன். அண்மையில் ரூட்டரை மாற்றியதிலிருந்து லாட்டரி, கடன், கிரிப்டோ மடல்கள் நேராக இன்பாக்ஸுக்கு வந்துவிடுகின்றன. வங்கியின் மாதாந்தரக் கணக்கு அறிக்கையையோ, அனுப்பும் முகவரி சரிதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்றது என்று சொல்லி சர்வர் வாசலிலேயே மறுத்துவிடுகிறது. வரும் மடல் ஒவ்வொன்றிலும் 'ஆல் டிரஸ்டட்' என்ற விதி பொருந்தி ஒரு மதிப்பெண் கழிக்கப்பட்டிருக்கிறது. வரம்பை மூன்றாகக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. – ஒரு வாசகர், அல்சூர்

பதில்: வரம்பை முதலில் ஐந்துக்கே கொண்டுபோய்விடுங்கள். பிறகு இன்பாக்ஸுக்கு வந்த லாட்டரி மடல் ஒன்றைத் திறந்து, மடலின் பயண விவரம் அடங்கிய முழு ஹெட்டரையும் வரவழைத்து, உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் எழுதிய 'ரிசீவ்ட்' வரியைப் படியுங்கள். அதற்குக் கீழே இருக்கும் ரிசீவ்ட் வரிகளை மடல் அனுப்பியவர் தம் விருப்பம்போல் இட்டுக்கட்டியிருக்க முடியும். உங்கள் சர்வர் எழுதிய வரியில் மட்டும் அவரால் கைவைக்க முடியாது. அந்த வரியில் மடல் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அங்கே வெளியுலக முகவரி இல்லாமல் 192.168.1.1 என்றோ அதுபோன்ற வேறு உள்வீட்டு முகவரியோ இருக்கும் என்பது என் கணிப்பு. அது உங்கள் ரூட்டரின் முகவரி.

நடந்திருப்பது இதுதான். வெளியிலிருந்து, சர்வர்கள் மடல் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை ரூட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும்போது, சேருமிடத்தின் முகவரியை மட்டும் மாற்ற வேண்டும். வந்தவரின் முகவரியை அப்படியே விட்டுவிட வேண்டும். உங்கள் புதிய ரூட்டர் இரண்டையும் மாற்றுகிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளி முகவரியில் சர்வரை அடைவதற்கான வசதி சில ரூட்டர்களில் 'நாட் லூப்பேக்' என்ற பெயரில் இருக்கும். அது தேவைக்கு மேல் எல்லா இணைப்புகளுக்கும் பொருத்தப்பட்டிருந்தால் இப்படி ஆகும். டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளில் சர்வரை ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு. அவர்களுடைய லாக்கில் 172.17.0.1 போன்ற முகவரியாக அது தென்படும்.

இதனால் என்ன ஆகிறதென்று பாருங்கள். ரஷ்யாவிலிருந்து வந்தாலும் மும்பையிலிருந்து வந்தாலும் உங்கள் சர்வருக்கு எல்லா மடலும் ரூட்டரே கொடுத்ததாகத் தோன்றுகிறது. வங்கி தன் எஸ்பிஎஃப் பதிவில், 'இன்னின்ன முகவரிகளிலிருந்து மட்டுமே எங்கள் மடல் வரும், மற்றவற்றை மறுத்துவிடுங்கள்' என்று கண்டிப்பாக அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 192.168.1.1 இருக்க வழியில்லை. எனவே நேர்மையாகப் பதிவு வைத்திருக்கும் வங்கி மாட்டிக்கொள்கிறது. லாட்டரிக்காரர் எஸ்பிஎஃப் பதிவே இல்லாத டொமைனிலிருந்து அனுப்புகிறார். அவருக்குத் தோற்பதற்கு எதுவும் இல்லை. குப்பை அனுப்புவோரின் முகவரிகளைத் தொகுத்து வைக்கும் கருப்புப் பட்டியல்களில் அவருடைய உண்மையான முகவரி இருந்தாலும், உங்கள் சர்வர் தேடுவது ரூட்டரின் முகவரியை. ஸ்பேம்அசாசினோ, மடல் நம்பகமான உள்வீட்டுக் கணினிகள் வழியாக மட்டுமே வந்ததாக எண்ணி, ஆல் டிரஸ்டட் என்று ஒரு மதிப்பெண்ணைத் தள்ளுபடியும் செய்துவிடுகிறது.

இவற்றை எல்லாம் விட அவசரமான ஆபத்து ஒன்று இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் 'மைநெட்வொர்க்ஸ்' அமைப்பில் 192.168.1.0/24 என்று உங்கள் வீட்டு வலையமைப்பு முழுவதையும் சேர்த்திருந்தால், அந்த முகவரிகளிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சொல் இல்லாமலே உலகில் யாருக்கும் மடல் அனுப்பலாம் என்று பொருள். இப்போது வெளியுலகம் முழுவதும் அந்த முகவரியில்தானே வருகிறது? உங்கள் சர்வர் திறந்த ரிலேயாகி, யாருடைய குப்பையையோ உங்கள் பெயரில் விநியோகித்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, அனுப்பக் காத்திருக்கும் மடல்களின் வரிசையை 'மெயில்க்யூ' கட்டளையால் பாருங்கள். அறிமுகமில்லாத முகவரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸை உடனே நிறுத்துங்கள். வரிசை காலியாக இருந்தாலும் மைநெட்வொர்க்ஸை 127.0.0.0/8 என்று இந்தக் கணினி அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். வீட்டிலுள்ள கைப்பேசிகளும் மடிக்கணினிகளும், பயனர்கள் மடல் அனுப்புவதற்கான 587ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கொடுத்தே அனுப்பட்டும். ரூட்டர் சரியான பிறகும் இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டியதில்லை.

ரூட்டரில் லூப்பேக்கை நிறுத்திப் பார்த்து, மெயில் லாக்கில் 'கனெக்ட் ஃப்ரம்' என்று தொடங்கும் வரிகளை ஒரு மணி நேரம் கவனியுங்கள். விதவிதமான முகவரிகள் வரத் தொடங்கினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. மீதிக் கால்வாசி ஸ்பேம்அசாசினில் இருக்கிறது. 'டிரஸ்டட் நெட்வொர்க்ஸ்' என்ற அமைப்பை நீங்கள் நிரப்பாவிட்டால், எந்த முகவரிவரை நம்பலாம் என்பதை அது தானே ஊகித்துக்கொள்கிறது. சர்வரின் சொந்த முகவரி 192.168 என்று தொடங்கும் வீடுகளில் அந்த ஊகம் ஒரு படி கூடுதலாகப் போய், வெளியிலிருந்து மடல் கொடுத்தவரையும் நம்பகமானவர் கணக்கில் சேர்த்துவிடும். எனவே உங்கள் வீட்டு வலையமைப்பையும் நிலையான வெளி முகவரியையும் அங்கே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாள் காலையிலிருந்து யாருடைய மடலும் வரவில்லை. 'ஸ்பேம்ஹாஸ் ஜென் பட்டியலில் இருக்கிறது' என்று சொல்லி எல்லாரையும் போஸ்ட்ஃபிக்ஸ் மறுத்துக்கொண்டிருந்தது. ஜிமெயிலைக்கூட விடவில்லை. லாக்கில் 127.255.255.254 என்ற எண் தெரிகிறது. டிஎன்எஸ் சர்வராக கூகுளின் 8.8.8.8 வைத்திருக்கிறேன். – ஒரு வாசகி, ஜெயநகர்

பதில்: காரணத்தையும் அதற்கான தடயத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜென் என்பது ஸ்பேம்ஹாஸ் அமைப்பு நடத்தும் கருப்புப் பட்டியல். கருப்புப் பட்டியல் என்பது, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாகக் கேட்கப்படும் கேள்வி. பட்டியலில் இருக்கும் முகவரிக்கு ஜென் தரும் விடைகள் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான எண்களுக்குள் அமையும். பட்டியலில் இல்லாவிட்டால் விடையே வராது. ஆனால் 127.255.255.254 என்ற விடைக்கு வேறு பொருள்: 'நீங்கள் பொது டிஎன்எஸ் சர்வர் வழியாகக் கேட்கிறீர்கள், உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டோம்.' 8.8.8.8 வழியாக உலகமே கேட்பதால் கேட்பவர் யாரென்று ஸ்பேம்ஹாஸுக்குத் தெரிவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் இதை அறியாது. ஏதோ ஒரு விடை வந்தால் போதும், பட்டியலில் இருப்பதாகக் கொண்டு கதவைச் சாத்திவிடும்.

இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதாமல், பெயருக்குப் பின் சமக்குறி இட்டு 127.0.0.[2..11] என்று ஏற்கத்தக்க விடைகளையும் சேர்த்து எழுதுங்கள், இனி மறுப்பு எண் வந்தால் அதைப் பட்டியலில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளாது. அடுத்து, அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை அதே கணினியில் நிறுவி, சர்வரின் கேள்விகள் எல்லாம் 127.0.0.1 வழியாகப் போகும்படி செய்யுங்கள். அன்பவுண்ட் வேர் சர்வர்களிலிருந்து தொடங்கித் தானே விடையைத் தேட வேண்டும். அதை மறுபடி 8.8.8.8க்கு முன்னனுப்பும்படி அமைத்தால் பழைய கதையே தொடரும். சரியானதா என்று பார்க்க, 127.0.0.2 என்ற சோதனை முகவரியைத் திருப்பிப் போட்டு, அதாவது 2.0.0.127 என்று தொடங்கி, ஜென் பட்டியலில் கேட்டுப் பாருங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 ஆகிய எண்கள் வந்தால் நலம். ஸ்பேம்அசாசினிலும் இதே நோய் 'யூஆர்ஐபிஎல் பிளாக்ட்' என்ற விதிப்பெயரில் தெரியும். அன்பவுண்ட் வந்தபின் அதுவும் மறைந்துவிடும்.

அன்று மறுக்கப்பட்ட மடல்கள் திரும்பி வரா. 554 என்று நிரந்தர மறுப்பைக் கேட்ட சர்வர் மறுபடி முயலாது. அனுப்பியவர்களிடம் சொல்லித்தான் மீண்டும் வாங்க வேண்டும். இனி அமைப்பை மாற்றும் நாள்களில் போஸ்ட்ஃபிக்ஸின் 'சாஃப்ட் பவுன்ஸ்' வசதியை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர மறுப்புகள் எல்லாம் தற்காலிக மறுப்புகளாக மாறிவிடும். தவறு நேர்ந்தாலும் மடல்கள் வெளியில் காத்திருந்து பிறகு வந்து சேரும். சோதனை முடிந்ததும் அதை நிறுத்த மறக்கக் கூடாது.

பழைய வழிகாட்டிகளிலிருந்து படியெடுத்த பட்டியல் பெயர்கள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பிறகும் கேள்விகள் நிற்காததால், 2008 மார்ச்சில் எல்லா முகவரிக்கும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே அது பதில் சொல்லத் தொடங்கியது. பெயரை நீக்காதவர்களின் அஞ்சல் ஒரே நாளில் நின்றது. 2015 தொடக்கத்தில் ஏஎச்பிஎல்லும் அதையே செய்தது. சார்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. நீளமான பட்டியல் வரிசை வைத்துக்கொள்வதில் பெருமை ஏதும் இல்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஒன்றிரண்டு போதும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் சர்வர் ஓடுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்தவுடன் வரும் மடல்களில் சில மட்டும் குப்பைக்குப் போகின்றன. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. நண்பர்கள் எழுதுவது வந்துவிடுகிறது. பில், வங்கி எச்சரிக்கை போன்றவைதான் மாட்டிக்கொள்கின்றன. வடிகட்டி சூடேறுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறதா? – ஒரு வாசகர், ராஜாஜிநகர்

பதில்: வடிகட்டிக்குச் சூடேற வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கணினிக்கு மணி தெரியவில்லை. ராஸ்பெரி பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்த பிறகே திருந்தும். மதியம் இரண்டு மணிக்குப் போன மின்சாரம் இரவு ஏழு மணிக்கு வந்தால், அதன் கணக்கில் மணி இன்னும் இரண்டுதான். ஆறே முக்காலுக்கு வங்கி அனுப்பிய மடலை அது வாங்கும்போது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து எழுதப்படப்போகும் மடலாக அது தெரிகிறது. ஸ்பேம்அசாசினில் இதற்கென்றே 'டேட் இன் ஃப்யூச்சர்' என்ற விதிக்கூட்டம் இருக்கிறது. சில சமயம் ஒரே அடியாக மூன்று மதிப்பெண்வரை ஏற்றிவிடும்.

உங்கள் நண்பர்களின் மடல்கள் தப்பியதற்குக் காரணம், அந்த விதி மடலின் தேதியை ரிசீவ்ட் வரிகள் பலவற்றோடும் ஒப்பிட்டு, மிகக் குறைந்த வேறுபாட்டையே எடுத்துக்கொள்வதுதான். நண்பரின் மடல் வழியில் இரண்டு மூன்று சர்வர்களைக் கடந்து வருகிறது. அவை எழுதிய நேரங்கள் சரியாக இருப்பதால் காப்பாற்றப்படுகிறது. இயந்திரம் அனுப்பும் பில்லோ பல நேரங்களில் ஒரே தாவலில் உங்களிடம் வந்துவிடுகிறது. ஒப்பிடுவதற்கு உங்கள் பிழையான கடிகாரம் தவிர வேறெதுவும் இல்லை. மடலை அனுப்பிய டொமைன் இடும் டிகிம் என்ற மின்கையெழுத்தைச் சரிபார்க்க ஓப்பன்டிகிம் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து கழுத்தறுக்கும். எதிர்கால நேரக் குறிப்புள்ள கையெழுத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது செல்லாது என்று தள்ளிவிடும்.

டிஎஸ்3231 என்ற சிறிய கடிகாரப் பலகையை எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பொத்தான் பேட்டரியோடு அதை ராஸ்பெரி பையின் இணைப்பு ஊசிகளில் செருகி, இயங்குதளத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ராஸ்பெரி பை 5இல் கடிகாரம் உள்ளேயே உண்டு, ஆனால் அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். பலகை வரும்வரை, நேரம் ஒத்திசைந்த பிறகே போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்படி அதன் தொடக்க அமைப்பில் நிபந்தனை வைத்துவிடுங்கள். சர்வர் பத்து நிமிடம் தாமதமாக எழுந்தால் ஒரு மடலும் தொலையாது; ஒழுங்கான சர்வர்கள் நாள்கணக்கில் மறுபடி மறுபடி முயலும். மேலே ஜெயநகர் வாசகிக்குச் சொன்ன அன்பவுண்டை நீங்களும் வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிகாரம் மிகவும் பின்தங்கியிருக்கும்போது டிஎன்எஸ் விடைகளுக்குச் சான்றான டிஎன்எஸ்செக் கையெழுத்துகள் செல்லாதவையாகத் தெரியும். பெயர் தேடல் தோற்கும். நேர சர்வரின் பெயரையும் தேட முடியாமல் நேரமும் திருந்தாது. இந்த வளையத்தை உடைக்க, நேர சர்வர்களில் ஒன்றையாவது பெயராக இல்லாமல் ஐ.பி. முகவரியாகக் கொடுத்து வைப்பது நல்லது. உங்கள் ரூட்டரே நேரம் சொல்லும் வகையாக இருந்தால் அதன் முகவரியே போதும்.

கேள்வி: முந்நூறுக்கு மேற்பட்ட குப்பை மடல்களைக் காட்டி ஸ்பேம்அசாசினுக்குப் பாடம் கற்பித்தேன். 'பேயஸ்' என்று தொடங்கும் விதி ஒன்றுகூட இன்னும் எந்த மடலிலும் பொருந்தவில்லை. – ஒரு வாசகர், மல்லேசுவரம்

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்று, அல்லது இரண்டுமே. குப்பை 200, நல்ல மடல் 200 என்று இரு பக்கமும் கற்ற பிறகே பேயஸ் என்ற கற்கும் பகுதி வாய் திறக்கும். பெரும்பாலானவர்கள் எரிச்சலில் குப்பையை மட்டும் காட்டுகிறார்கள். நல்லது எப்படி இருக்கும் என்று காட்டுவதில்லை. உங்கள் இன்பாக்ஸிலிருந்து, உறவினர் தமிழில் எழுதியவை, அலுவலகத்தார் ஆங்கிலத்தில் எழுதியவை, ரயில் டிக்கெட், வங்கி அறிக்கை என்று எல்லா வகையிலும் எடுத்து நல்ல பக்கத்துக்கும் கொடுங்கள். விளம்பரம்போலத் தோன்றினாலும் நீங்கள் விரும்பிப் பதிவுசெய்த மடல்கள் நல்லவையே. அவற்றைக் குப்பையில் சேர்த்துக் கற்பித்தால் வடிகட்டி குழம்பும்.

இரண்டாவது காரணத்தையே நான் அதிகம் சந்தேகிக்கிறேன். பாடம் கற்பிக்கும் 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளையை ரூட் என்ற நிர்வாகப் பயனராக ஓட்டினீர்களா? அப்படியானால் கற்றதெல்லாம் ரூட்டின் வீட்டுக் கோப்புறையில் போய் உட்கார்ந்திருக்கும். மடல்களைச் சோதிக்கும் நிரலோ வேறு பயனர் பெயரில் ஓடுகிறது. அதன் தரவுத்தளம் காலியாகவே இருக்கிறது. அந்தப் பயனரின் பெயரில் 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளையை 'டம்ப் மேஜிக்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கற்ற குப்பை எத்தனை, நல்லது எத்தனை என்று இரண்டு எண்களும் வரும். சுழியம் வந்தால், அதே பயனராக மறுபடி கற்பிக்க வேண்டியதுதான். ஆர்ஸ்பேம்டி என்ற மற்றொரு வடிகட்டிக்கு மாறியவர்களுக்கும் 200 என்ற கணக்கு பொருந்தும்; அங்கே கற்றது ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் இந்தப் பயனர் குழப்பம் மட்டும் இல்லை.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் தமிழில் எழுதும் மடல்கள் குப்பைக்குப் போகின்றன. அவரே ஆங்கிலத்தில் எழுதினால் வந்துவிடுகிறது. தமிழை ஸ்பேம்அசாசின் வெறுக்கிறதா? – ஒரு வாசகி, ஃபிரேசர் டவுன்

பதில்: வெறுக்கவில்லை, வெறுக்கும்படி யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் எழுதிய அமைப்புக் கோப்பை நீங்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்க வேண்டும். 'டெக்ஸ்ட்கேட்' என்ற செருகுநிரல் மடலின் மொழியை ஊகிக்கிறது; 'ஓகே லாங்குவேஜஸ்' என்ற வரியில் ஆங்கிலம் மட்டும் இருந்தால், வேறு மொழி மடல்களுக்கு 'அன்வான்டட் லாங்குவேஜ்' என்று 2.8 மதிப்பெண் விழும். ஐந்துக்கு அது பாதிக்கு மேல். அண்ணனின் மடலில் வேறு சிறு குறை ஒன்றிரண்டு சேர்ந்தால் முடிந்தது. அந்தச் செருகுநிரல் பொதுவாக இயக்கப்படாமலே வரும். அதை மீண்டும் அணைத்துவிடுவதே என் பரிந்துரை. தமிழுக்கான குறியை அந்த வரியில் சேர்த்தாலும் வேலை நடக்கும். ஆனால் அண்ணன் என்றாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் அது என்ன மொழியென்று ஊகிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வரி மடல்களிலும் அதன் ஊகத்தை நம்புவதற்கில்லை.

கேள்வி: ஓடிபி மடல்கள் காலாவதியான பிறகே வருகின்றன. போஸ்ட்கிரே வைத்திருக்கிறேன். – ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: முன்பின் தெரியாதவரிடம், 'இப்போது முடியாது, பிறகு வாருங்கள்' என்று சொல்லி ஐந்து நிமிடம் காக்க வைப்பதுதான் போஸ்ட்கிரேயின் வேலை. பெரிய நிறுவனங்கள் மறுமுறை வேறு ஐ.பி. முகவரியிலிருந்து முயன்றால் அந்த ஐந்து நிமிடம் மறுபடி தொடங்கும். ஓடிபி அனுப்பும் சர்வர்களின் பெயர்களை லாக்கில் பார்த்து விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். என்னைக் கேட்டால், வீட்டுச் சர்வருக்கு இன்று போஸ்ட்கிரே தேவையில்லை. ஜென் பட்டியலும் பேயஸும் ஒழுங்காக இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய படங்களோடு வரும் விளம்பர மடல்களில் ஸ்பேம்அசாசினின் ஹெட்டரே இருப்பதில்லை. – ஒரு வாசகர், கோரமங்களா

பதில்: மடலை ஸ்பேம்அசாசினிடம் கொடுக்கும் 'ஸ்பேம்சி' நிரல் 500 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடல்களைச் சோதனைக்கே அனுப்பாது. கணினிக்குத் தெம்பு இருந்தால் அந்த அளவை ஒன்று அல்லது இரண்டு மெகாபைட்டாக உயர்த்துங்கள்.

கேள்வி: மைசூரு விடுதியில் இருக்கும் மகள் நம் வீட்டுச் சர்வர் வழியாக, சரியான கடவுச்சொல் கொடுத்து, கைப்பேசியிலிருந்து அனுப்பும் மடல்களை நம் சர்வரே மறுக்கிறது. நாங்கள் அனுப்புபவையும் ஜிமெயில்காரர்களுக்குக் குப்பையில் போய் விழுகின்றன. – ஒரு வாசகி, இந்திராநகர்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்று. ஜென் பட்டியலின் ஒரு பகுதியான பிபிஎல், குற்றவாளிகளின் பட்டியல் அன்று. நேரடியாக மடல் அனுப்பத் தேவையில்லாத வீட்டு இணைப்புகளும் கைப்பேசி இணைப்புகளும் அதில் மொத்தமாக இருக்கும். மகளின் கைப்பேசி முகவரியும் அதில் இருப்பது இயல்பு. போஸ்ட்ஃபிக்ஸ் நிபந்தனைகளை எழுதிய வரிசையிலேயே படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். கடவுச்சொல் கொடுத்தவரை அனுமதிக்கும் நிபந்தனை, கருப்புப் பட்டியலைப் பார்க்கும் நிபந்தனைக்கு மேலே இருக்க வேண்டும்; உங்களிடம் கீழே இருக்கிறது. 587ஆம் போர்ட்டுக்குக் கருப்புப் பட்டியல் சோதனையே வேண்டாம். அத்துடன் 'எஸ்எம்டிபிடி சாஸ்ல் ஆத்தன்டிகேட்டட் ஹெட்டர்' என்ற வசதியையும் இயக்குங்கள். மகள் கடவுச்சொல் கொடுத்தே வந்தாள் என்பது ரிசீவ்ட் வரியில் பதிவாகி, ஸ்பேம்அசாசினும் அவளை விட்டுவிடும்.

வெளியே போகும் மடல்களுக்கு, உங்கள் சொந்த முகவரியும் பிபிஎல்லில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே முகவரியை ஊரோடு பகிர்ந்துகொள்ளும் இணைப்பு அது. அதில் வீட்டுச் சர்வருக்கு நேரடியாக மடல் வரவும் வழியில்லை. மைசூருவிலிருந்து மகள் உங்கள் சர்வரை அடைய முடிவதால் அந்தச் சிக்கல் இருக்காது. நிலையான முகவரிக்கு உங்கள் சர்வரின் பெயரையே காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவை இணைய நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். அதை அவர்கள்தான் செய்ய முடியும். எஸ்பிஎஃப், டிகிம், அவை தோற்றால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனில் இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு மடல் அனுப்புகிற எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் எதிர்பார்க்கிறது. நிறுவனம் தலைகீழ் பதிவைத் தர மறுத்தால், வரும் மடலை வீட்டிலேயே வாங்கிக்கொண்டு, போகும் மடலை மட்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு மடலைச் சேர்ப்பிக்கும் ரிலே சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள். அந்த ரிலேயின் பெயரை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்கும்போது, மொத்த டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் பதிவு முழுவதுமே பிழையாகக் கொள்ளப்படும்.

கேள்வி: குப்பை என்று முடிவான மடலை, 'உங்கள் மடல் ஏற்கப்படவில்லை' என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். சரிதானே? – ஒரு வாசகர், பானசவாடி

பதில்: இன்றே அதை நிறுத்துங்கள். குப்பை மடலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டதாக இருக்கும். உங்கள் குறிப்பு போய்ச் சேர்வது சம்பந்தமே இல்லாத ஒருவரிடம். நாள்தோறும் பத்துப் பேருக்கு இப்படி அனுப்பினால் சில நாளில் உங்கள் சர்வரே கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். மறுப்பதானால், மடலை வாங்கும் முன்பே, இணைப்பு திறந்திருக்கும்போதே மறுக்க வேண்டும். வாங்கிவிட்டால் ஜங்க் கோப்புறையில் போட்டுவிட வேண்டும். டவ்காட்டில் மடல்களைப் பிரிக்கும் சீவ் விதியில், 'எக்ஸ்-ஸ்பேம்-ஃபிளாக்' ஹெட்டர் 'எஸ்' என்றிருந்தால் ஜங்க்குக்கு நகர்த்தச் சொல்லும் இரண்டு வரி அதற்குப் போதும்.